மாணவர் கருத்தும் நச்சியல் வகுப்பும்: வடசென்னையிலிருந்து ஒரு விசாரணை

1. கேள்வி

2019ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கையிலிருந்து நடப்புக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் தடய மருத்துவத்துக்கான எஃப்.எம். 9.6 என்று ஒரு வரி உண்டு. அம்மோனியா, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, மெத்தில் ஐசோசயனேட், கண்ணீர்ப்புகை ஆகியவற்றின் நச்சுப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் பொதுநெறிகளை மாணவர் விவரிக்க வேண்டும் என்கிறது அது. போபாலைக் கொன்ற வாயுவும் போராட்டக்காரர்களைக் கலைக்கும் வாயுவும் ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக இருட்டில் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பலர் திருவொற்றியூரில் தனியார் மருத்துவமனைக்கும் சிலர் ராயபுரத்தை ஒட்டிய அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். எஃப்.எம். 9.6ஐ வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்காகப் படித்தவர்கள் இருந்த வளாகத்துக்கு அந்த வரியே நேரில் வந்துசேர்ந்தது என்று சொல்லலாம்.

ஸ்டான்லியின் வேர் 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருக்கிறது. 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் பெரியவர்கள் வாயில் இன்னும் புழங்குகிறது. 1938இல் மருத்துவக் கல்லூரியானது. துறைமுகம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று நீளும் தொழிற்பகுதியின் ஏழை நோயாளிகள் பெரும்பாலும் ஏறும் படிக்கட்டு அதுதான். மருந்தும் நஞ்சும் எப்படிக் கற்பிக்கப்படுகின்றன என்ற கேள்வியை இந்த வட்டாரத்தில் நின்று கேட்பதற்குக் காரணம் இதுவே.

மருந்தியல், நச்சியல் வகுப்புகளைப் பற்றி மாணவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் ஆதாரமாகக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் கேள்வி. வகுப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு அவர்கள் நல்ல சாட்சிகள். வகுப்பில் என்ன விடுபட்டிருக்கிறது என்பதற்கு அவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. இதுவரை வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே என் வாதம்.

2. ஆய்வுகள் கேட்பதும் கேட்காததும்

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் கருத்தாய்வு என்பது மருந்தியல் துறைகளுக்குப் பழகிப்போன வேலை. பெரும்பாலானவற்றின் அச்சு ஒன்றுதான். ஒரு கல்லூரி, ஒரு பிரிவு மாணவர்கள், 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டங்கள், கடைசியில் ஒரு திறந்த கேள்வி. விடைகளும் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. விரிவுரை நீளம், மருந்துப் பெயர்கள் கணக்கில்லாமல் வருகின்றன, நோயாளி கதையை வைத்து நடத்தினால் புரிகிறது, சிறு குழு விவாதம் பிடித்திருக்கிறது, தேர்வுக்கு மனப்பாடம்தான் கைகொடுக்கிறது.

இந்தக் குறைகளில் பொய்யில்லை. மருந்தியல் எம்.பி.பி.எஸ். படிப்பின் இரண்டாம் கட்டத்தில், மாணவர் வார்டில் கால்வைக்கத் தொடங்கும் வேளையில் வருகிறது. நோயை அறியும் முன்பே அதற்கான மருந்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. 'கேடிடி' என்று மாணவர்கள் செல்லமாக அழைக்கும் கே.டி. திரிபாதியின் பருத்த பாடநூலை 'மக்கப்' பண்ணி ஒப்பேற்றிவிட்டு, ஹவுஸ் சர்ஜன் எனும் பயிற்சி மருத்துவர் ஆகும்போது பாதியை மறந்துவிடுவதாக அவர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

ஆனால் எல்லாக் குறைகளும் எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை. 'வகுப்பில் மூலப்பெயர், வெளியில் கம்பெனிப் பெயர்; எதை எழுதுவது?' என்ற குழப்பம் இத்தகைய பேச்சில் அடிக்கடி எழும் ஒன்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் அது வேறு வடிவம் எடுக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப்பெயரில் மருந்து வாங்கி அனுப்புவதால், ஸ்டான்லி வார்டில் மாணவர் பார்க்கும் அட்டையில் வகுப்பில் படித்த பெயரே இருக்கும். அவர் தடுமாறுவது நோயாளி வெளியில் வாங்கிவந்த சீட்டைப் பிரிக்கும்போதுதான். தனியார் கல்லூரி ஒன்றின் கருத்தாய்வை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

விலங்குச் சோதனை விவகாரம் இன்னும் பயனுள்ள பாடம். தவளையின் வயிற்றுத் தசை, முயலின் கண், நாயின் இரத்த அழுத்தம் ஆகியவற்றில் மருந்து வேலை செய்வதைக் காட்டித்தான் தலைமுறைகளாக மருந்தியல் செய்முறை நடந்தது. எதிர்ப்புகளுக்கும் விதித் திருத்தங்களுக்கும் பிறகு இளநிலை வகுப்பில் அந்த இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. புதுச்சேரி ஜிப்மரில் ரவீந்திரன் உருவாக்கிய 'எக்ஸ்ஃபார்ம்' மென்பொருள் நாடெங்கும் பரவியது. இந்த மாற்றத்தை வரவேற்றுப் பேசுவோர் மாணவர்களில் ஏராளம், எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உயிருள்ள நாயிடமிருந்து திரைக்கு மாறிய அந்த வளைகோடு, அதே அட்ரினலின், அதே ஹிஸ்டமின், அதே 'ஏ என்ற மருந்து எது?' கேள்வியோடுதான் மாறியது. கருவி பிடித்திருக்கிறதா என்று மாணவரைக் கேட்டார்கள். அந்தப் பயிற்சியால் ஒரு நோயாளிக்கு என்ன நன்மை என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த அச்சிலிருந்து விலகிய ஆய்வு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1995இல் தெ விரீஸ் குழுவினர் லான்செட்டில் வெளியிட்டது அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நல்ல மருந்துச்சீட்டுக் கையேட்டை வைத்து, தில்லி, காத்மாண்டு உட்பட ஏழு ஊர்களின் 219 மாணவர்களிடம் குறுகிய பயிற்சி ஒன்றைச் சோதித்தார்கள். நோயாளியின் பிரச்சினையை வரையறுத்து, சிகிச்சையின் நோக்கத்தைத் தீர்மானித்து, மருந்தைத் தேர்ந்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, பின்தொடரும் பழக்கம் அந்தப் பயிற்சி. பயிற்சி பெற்றவர்கள் கற்ற நோயில் மட்டுமின்றிக் கற்காத நோயிலும் தேறினார்கள். ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. 'பிடித்திருந்ததா?' என்பதைத் தாண்டி 'செய்ய முடிகிறதா?' என்று அளந்ததுதான் இந்த ஆய்வின் பலம். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டுவோர் அதிகம், அதன் வழியில் அளப்போர் குறைவு.

3. சாட்சியத்தின் எல்லை

மாணவர் கருத்தை எவ்வளவு நம்பலாம் என்ற விவாதம் கல்வியியலில் பழையது. 1970இல் அமெரிக்காவில், 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்ற பெயரில் ஒரு நடிகரை மேடையேற்றி, தனக்குத் தெரியாத பொருளில் சுவையாகவும் முரணாகவும் பேசவைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும். அவர்களில் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் போட்டார்கள். 1973இல் வெளியான இந்தச் சோதனையை மாணவர் கருத்தை இகழ்வதற்கு ஆயுதமாகப் பயன்படுத்துவோர் உண்டு. ஏமாந்தவர்கள் மாணவர்கள் அல்ல, தேர்ந்த தொழில்முறையாளர்கள் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கனமான ஆதாரம் பின்னால் வந்தது. ஆசிரியருக்கு மாணவர் தரும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்ற அளவுக்கும் சொல்லத்தக்க தொடர்பில்லை என்று உட்ல் குழுவினர் 2017இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஹார்வர்ட் இயற்பியல் வகுப்பில் நடத்தி 2019இல் தெலோரியே குழுவினர் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையானது. தாமே சிக்கலை அவிழ்க்கவைத்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கு நிறையக் கற்ற உணர்வு இருந்தது. தடுமாற்றத்தையும் கற்றலையும் அவர்களால் பிரித்தறிய முடியவில்லை.

இதை நம் வகுப்புக்குக் கொண்டுவந்தால் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. 'நோயாளி கதை வைத்து நடத்தினால் பிடிக்கிறது' என்ற கருத்து, அந்த முறை நல்லது என்பதற்கு நிரூபணம் ஆகாது. அதேபோல 'செயலியில் பார்த்தால் போதும், வகுப்பு வேண்டாம்' என்று நீட் முதுநிலைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர் சொன்னால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாரோ, பிரெப்லேடர் போன்ற செயலிகளின் காணொளிகள் சரளமானவை. சரளம் தரும் நிறைவுதான் மேற்சொன்ன ஆய்வு எச்சரிக்கும் விஷயம்.

பயிற்சியை மதிப்பிட, பழைய, ஆனால் உதவும் ஒரு பாகுபாட்டை 1959இல் கிர்க்பாட்ரிக் தந்தார். கற்பவரின் எதிர்வினை, கற்றது, நடத்தையில் வந்த மாற்றம், இறுதி விளைவு என்று நான்கு படிகள். நம் கருத்தாய்வுகளில் பெரும்பாலானவை முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. அங்கே உட்காருவது குற்றமில்லை. வகுப்பில் யார் தூங்கினார்கள், எந்த ஸ்லைடு புரியவில்லை, வைவாவில் என்ன கேட்டார்கள் என்பதை மாணவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாடத்திட்டத்தை வகுப்பவர்கள் அந்த முதல் படியை நான்காவதாக வாசிக்கிறார்கள்.

இதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. தனக்குக் காட்டப்படாததைப் பற்றி ஒருவர் குறைசொல்ல முடியாது. அம்மோனியாவைப் பற்றி ஐந்து நிமிடம் கேட்ட மாணவரிடம் 'தொழிற்சாலை நஞ்சு போதுமான அளவு நடத்தப்பட்டதா?' என்று கேட்டால், தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தால் 'உடன்படுகிறேன்' என்ற கட்டத்தில்தான் டிக் விழும்.

4. ஒரு பிரிவினையின் வரலாறு

அம்மோனியா ஏன் ஐந்து நிமிடம் ஆனது என்று கேட்டால், பதில் வகுப்பறைக்கு வெளியே, நூற்றைம்பது ஆண்டுக்கும் முந்தைய சென்னையில் தொடங்குகிறது.

1849இல் சென்னை மாகாணத்தில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் அமைந்தது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தொடக்கம் அதுவே. ஆர்சனிக், ஊமத்தை, அபின் என்று கொலைவழக்கில் வந்த குடலையும் வாந்தியையும் சோதித்து நீதிமன்றத்துக்குச் சொல்வது அதன் வேலை. 1856இல் நார்மன் செவர்ஸ் வங்கத்துக்கு எழுதிய மருத்துவச் சட்டவியல் நூலும், 1920இல் வந்து தலைமுறைகளை ஆண்ட, மோடி என்ற மருத்துவரின் பாடநூலும் அதே பார்வையில் நச்சியலை வைத்தன. நஞ்சு என்றால் யாரோ யாருக்கோ கொடுத்தது, அல்லது தானே குடித்தது. மருத்துவர் அதில் காவல்துறைக்கு உதவும் சாட்சி.

மருந்தியல் வேறு வழியில் வந்தது. மருந்துப் பொருள்களின் பட்டியலைப் படிக்கும் பழைய பாடத்திலிருந்து அதைச் சோதனை அறிவியலாக மாற்றியவர்களில் முதன்மையானவர் ராம்நாத் சோப்ரா. 1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். அங்கிருந்து மருந்தியலின் முகம் ஆய்வகத்தையும் மருந்துத் தொழிலையும் பார்த்துத் திரும்பியது.

இந்தப் பிரிவினை இன்றைய கால அட்டவணையிலும் அப்படியே இருக்கிறது. 2019 திட்டத்தில் மருந்தியலுக்கு இரண்டாம் கட்டத்தில் 230 மணி நேரம். தடய மருத்துவமும் நச்சியலும் சேர்ந்த பாடத்துக்கு இரண்டாம் கட்டத்தில் 50, மூன்றாம் கட்டத்தின் முதல் பகுதியில் 75, ஆக 125 மணி நேரம். அதற்குள் பிரேதப் பரிசோதனை, காயங்கள், பாலியல் குற்றம், மருத்துவச் சட்டம் எல்லாம் அடங்கும். நச்சியல் மிச்சத்தில் வாழ்கிறது. அத்திட்டத்தில் மருந்தியல் தன் பங்குக்கு மூன்று வரிகளை வைத்திருந்தது. பி.எச். 1.51இல் பூச்சிமருந்துகள், உணவுக் கலப்படம், மாசுகள், 1.52இல் பொதுவான நஞ்சுகளுக்கும் கடிகளுக்கும் சிகிச்சை, 1.53இல் கன உலோக நஞ்சும் அதைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகளும். 'அது ஃபாரன்சிக்கில் வரும்' என்று மருந்தியலும் 'அது ஃபார்மாவிலேயே முடிந்திருக்கும்' என்று தடய மருத்துவமும் தள்ளிவிட இந்த ஏற்பாடு தாராளமாக இடம்தருகிறது.

படிவங்களைப் பார்த்தால் பிரிவினை இன்னும் துலக்கமாகத் தெரியும். மருந்தால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை எப்படிப் பதிவுசெய்து அனுப்புவது என்று மாணவருக்குப் பயிற்சி உண்டு, 2019 திட்டத்தின் பி.எச். 3.4 அதற்காகவே வைக்கப்பட்டது, 2010இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் அந்தப் படிவங்களைப் பெறுகிறது. நஞ்சால் தீங்கு நேர்ந்தால் எஃப்.எம். 14இல் சொல்லப்படும் பயிற்சி, மருத்துவ-சட்ட அறிக்கை எழுதுவதும் தடயப் பொருள்களை முத்திரையிட்டு அனுப்புவதும்தான். காஷுவல்டி மொழியில் சொன்னால், ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு அவுட்போஸ்ட் போலீசுக்குத் தகவல் கொடுப்பது. முன்னதில் ஒரு அறிவியல் அமைப்பு தகவலைத் திரட்டுகிறது. பின்னதில் ஒரு காவல்நிலையம் வழக்கைத் திறக்கிறது அல்லது மூடுகிறது.

5. முறிமருந்தின் நிழல்

இரண்டு துறைக்கும் இடையில் விழுவது எது என்பதைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு புலப்படுகிறது. முறிமருந்து உள்ள நஞ்சு நினைவில் நிற்கிறது. முறிமருந்து இல்லாத நஞ்சு பாடத்தில் இருந்தும் இல்லாமல் போகிறது.

பூச்சிமருந்து நஞ்சு மருந்தியல் வகுப்பின் செல்லப்பிள்ளை. ஆர்கனோபாஸ்பரஸ் உடலில் என்ன செய்கிறது என்பதைத் தன்னியக்க நரம்பு மண்டலப் பாடம் அழகாக விளக்கும். சுருங்கிய கண்மணி, வழியும் எச்சில், பெருகும் கண்ணீர் எல்லாம் 'டம்பெல்ஸ்' என்ற நினைவுக் குறியில் அடங்கும். அட்ரோபின், பிராலிடாக்சிம் என்று எழுதினால் மதிப்பெண். இந்த விடையின் இரண்டாம் பாதி வகுப்பில் ஒலிக்கும் அளவுக்கு உறுதியானதல்ல. மகாராஷ்டிராவின் பாராமதியில் நடந்து 2006இல் லான்செட்டில் வந்த ஆய்வு அதிக அளவில் தொடர்ந்து செலுத்திய பிராலிடாக்சிம் உயிர்காத்ததாகச் சொன்னது. இலங்கையில் எடில்ஸ்டன் குழு 235 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் பிராலிடாக்சிம் பெற்றவர்களில் 25 சதவீதமும் வெற்றுக் கரைசல் பெற்றவர்களில் 16 சதவீதமும் இறந்தார்கள். எண்ணிக்கை சிறியது, முடிந்த முடிவு என்று கொள்ள முடியாது. ஆனால் நம் பக்கத்து நாட்டு வார்டுகளில் கேட்கப்பட்ட இந்தக் கேள்வி, நம் மாணவரின் விடைத்தாளில் கேள்வியாக இருப்பதில்லை.

இப்போது ஈயத்தை எடுத்துக்கொள்வோம். பி.ஏ.எல்., இ.டி.டி.ஏ., சக்சிமர் என்று உலோகத்தைப் பிணைத்து இழுக்கும் மருந்துகளின் அட்டவணை மாணவருக்குத் தலைகீழ்ப்பாடம். சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுடைய இரத்தத்தில் சராசரியாக டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமை ஒட்டி ஈயம் இருந்ததையும், அளவு கூடக்கூட நடத்தைச் சிக்கல்கள் கூடியதையும் காட்டியது. உலோகத்தை இழுக்கும் மருந்து வழக்கமாக யோசிக்கப்படுவது 45ஐத் தொட்ட பிறகு. அதாவது 11 உள்ள குழந்தைக்கு மாணவர் மனப்பாடம் செய்த அட்டவணையில் எந்த மருந்தும் இல்லை. செய்ய வேண்டியது ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது: பழைய பேட்டரி உடைக்கும் இடமா, பெயின்டா, அப்பா வேலைசெய்துவிட்டு வரும் சட்டையா? இதற்கு மருந்தியல் வகுப்பில் இடமில்லை, தடய மருத்துவத்தில் குற்றவாளி இல்லை, சமூக மருத்துவத்தில் ஒரு பத்தி இருக்கிறது.

அம்மோனியாவும் இப்படித்தான். அதற்கு முறிமருந்து கிடையாது. ஆடையைக் களைந்து, கண்ணையும் தோலையும் தண்ணீரால் நெடுநேரம் கழுவி, ஆக்சிஜன் கொடுத்து, மூச்சுக்குழாய் வீங்கி அடைபடுகிறதா என்று கவனித்திருக்க வேண்டும். எளிதில் நீரில் கரைவதால் முதலில் தாக்குவது கண், மூக்கு, தொண்டை. இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்தான். ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாதது அடுத்த விஷயம்.

எண்ணூர்க் கசிவு கவனத்துக்கு வந்த பிறகு தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாயிலருகே அளந்தபோது காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. செய்திகளில் 'ஐந்து மடங்கு' என்று வந்தது இந்தக் கணக்குதான். ஒரு நச்சியல் மாணவர் இதைப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகுக்கு மாற்றினால் ஏறத்தாழ 3 வரும். ஆலைக்குள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வரை வேலைசெய்பவருக்கு அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் சிபாரிசு செய்யும் உச்சம் 25. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அது குறிக்கும் அளவு 300. ஆக, ஒரு வரம்பின்படி ஐந்து மடங்கு மீறல். இன்னொன்றின்படி எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பெரியகுப்பத்து மக்கள் மயங்கி விழுந்ததும் உண்மை.

இது எப்படிப் பொருந்தும்? அளந்த நேரம் எது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, உச்ச அளவு எப்போது வந்து போனது, 24 மணி நேரச் சராசரியோடு ஒரு கண அளவை ஒப்பிடலாமா, ஆரோக்கியமான ஆண் தொழிலாளிக்கு வகுத்த வரம்பு ஆஸ்துமா உள்ள பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் செல்லுமா? இந்தக் கேள்விகளே நச்சியல். அளவு, நேரம், ஆள் என்ற மூன்றையும் சேர்த்து யோசிக்கத் தெரியாதவர் ஆலையின் அறிக்கையையும் நம்புவார், வாட்ஸ்அப்பில் வந்த பீதியையும் நம்புவார். மருந்தியல் வகுப்பு இதே சிந்தனையை மருந்தளவு என்ற தலைப்பில் கற்றுக்கொடுக்கிறது. கடற்கரைக் காற்றுக்கு அதை நீட்டுவதற்கு யாருடைய கால அட்டவணையிலும் மணி ஒதுக்கப்படவில்லை.

6. மதிலுக்கு வெளியே

அதே டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. எண்ணெய் வந்த இடமாகச் சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்தை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சுட்டியது. முதல் நாட்களில் எண்ணெயை மக்கிலும் வாளியிலும் அள்ளியவர்கள் உள்ளூர் மீனவர்கள்தாம். தோல் எரிச்சல், தலைவலி என்று அவர்கள் வந்தால் அது எந்தப் படிவத்தில் ஏறும்? யாரும் நஞ்சு கொடுக்கவில்லை, யாரும் நஞ்சு குடிக்கவில்லை, ஏ.ஆர். போடக் காரணமில்லை. மருந்து எடுக்கவில்லை, ஆகவே மருந்துக் கண்காணிப்புக்கும் போகாது. தோல் ஓ.பி.யில் களிம்பு கிடைக்கும்.

சட்டமும் இதே இடத்தில் நின்றுவிடுகிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஈய நஞ்சு போன்ற அட்டவணை நோய் இருப்பதாகத் தெரிந்தால், சிகிச்சை தரும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு சொன்னது. 2020இன் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அக்கடமையை வைத்திருக்கிறது. இந்தக் கடிதத்தை ஒருமுறையாவது மாதிரிக்கு எழுதிப்பார்த்த மாணவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. இருந்தாலும் அந்தக் கடமை ஆலைக்குள் வேலைசெய்பவரைப் பற்றியது. மதிலை ஒட்டிக் குடியிருப்பவரை அது தொடாது.

1700இல் இத்தாலிய மருத்துவர் ரமாசினி, நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னார். நம் மாணவரும் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதுகிறார். எந்தக் கூலி என்பது அங்கே இல்லை. 'மூச்சு முட்டுதும்மா' என்று வரும் திருவொற்றியூர்க்காரரிடம் 'பீடி பழக்கம் இருக்கா?' என்று கேட்கப் பழகியிருக்கிறார். 'ஹார்பர்ல எந்தச் சரக்கு இறக்குறீங்க? வீடு எந்தப் பக்கம்?' என்று கேட்கப் பழகவில்லை. நிலக்கரி இறக்குபவருக்கும் கந்தகம் இறக்குபவருக்கும் நுரையீரல் ஒன்றல்ல.

எதிர்வாதம் ஒன்று இங்கே நியாயமாக எழும். பாடத்திட்டம் நாடு முழுமைக்கும் பொது. ஸ்டான்லியில் படித்தவர் தருமபுரியில் பாம்புக்கடி பார்ப்பார், கடலூரில் எலிப்பசை தின்றவரைப் பார்ப்பார். எண்ணூருக்கென்று ஒரு பாடம் வைத்தால் சுமை கூடாதா? சுமை பற்றிய கவலை உண்மையானது. ஆனால் பாடத்திட்டம் திறன்களைத்தான் பட்டியலிடுகிறது, உதாரணங்களை அல்ல. எந்த நோயாளியை வைத்து அந்தத் திறனை நடத்துவது என்று தில்லி சொல்வதில்லை. எலிப்பசையே இதற்குச் சான்று. மஞ்சள் பாஸ்பரஸைப் பழைய நூல்கள் தீப்பெட்டித் தொழிலாளியின் தாடை அழுகலோடு சேர்த்துச் சொல்லும். தமிழ்நாட்டு மருத்துவர்கள் கண்டது கல்லீரல் செயலிழந்து சாகும் இளைஞர்களை. 2023இல் மாநில அரசு அந்தப் பசையைத் தடைசெய்யும் அளவுக்குப் போனது. வார்டு கற்றுக்கொடுத்ததை வகுப்பு ஏற்றுக்கொள்ள விதித்திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. தற்கொலை முயற்சி வார்டுக்கு வந்து படுப்பதால் அந்த நஞ்சு கண்ணில் பட்டது. காற்றில் வருவது படுக்கையில் தங்குவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

7. யாரை, எப்போது, யார் கேட்பது

இதிலிருந்து மாணவர் கருத்து வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறு. கேட்கும் நேரமும் ஆளும் மாற வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவரிடம் வகுப்பு பிடித்திருந்ததா என்று கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஸ்லைடுகளின் எழுத்தைப் பெரிதாக்க அது உதவும். பாடத்தின் உள்ளடக்கத்தைப் பற்றிய சாட்சி ஹவுஸ் சர்ஜனிடம் இருக்கிறது. அவர் காஷுவல்டியில் இரவுப்பணி பார்த்தவர், படித்ததில் எது உதவவில்லை என்று உடம்பால் அறிந்தவர். 'கடந்த மாதம் நீங்கள் பார்த்த நஞ்சு நோயாளிகளில் யாருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்? யாரைக் கேட்டீர்கள்?' என்ற இரண்டு கேள்விகள் ஐந்து கட்டப் படிவங்கள் பலவற்றை விடக் கூடுதலாகச் சொல்லும். தில்லி எய்ம்ஸில் 1995 முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை அழைத்தார்களா, சீனியரை எழுப்பினார்களா, கூகுளைப் பார்த்தார்களா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

2019 திட்டத்தில் விருப்பப் பாடத்துக்கென்று நான்கு வாரங்கள் கொண்ட இரண்டு பகுதிகள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தொழிற்சாலை நச்சியலுக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர் எண்ணூர்க் குப்பங்களிலும் துறைமுக மருத்துவமனையிலும் நோயாளி வரலாறு எடுத்துவரலாம். அவர் எழுதும் கருத்து, காட்டப்படாததைக் கண்டவரின் கருத்தாக இருக்கும். அதை மற்ற மாணவர்களின் படிவத்தோடு அருகருகே வைத்து வாசித்தால், எந்த இடத்தில் 'போதுமானது' என்ற டிக் பொய்த்தது என்பது தெரியவரும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலை இத்தகைய ஆய்வுகள் தங்கள் வரம்புகள் பகுதியில் அரிதாகவே எழுதுகின்றன. கருத்துப் படிவத்தைப் பெரும்பாலும் விநியோகிப்பது அதே துறை, மேசையில் வாங்குவது அதே உதவிப் பேராசிரியர், இன்டர்னல் மதிப்பெண் போடுவதும் அவரே. பெயர் எழுத வேண்டாம் என்றாலும் தன் கையெழுத்தை அவர் அறிவார் என்பது மாணவருக்குத் தெரியும். படிவத்தைக் கல்லூரிக்கு வெளியே உள்ள ஒரு குழுவிடம், குறைந்தபட்சம் வேறொரு துறையிடம், ஒப்படைக்கும் வரை அந்த ஐந்து கட்டங்களில் நாம் அளப்பதில் எவ்வளவு கற்பித்தலைப் பற்றியது, எவ்வளவு மரியாதையைப் பற்றியது என்று பிரிக்க வழியில்லை.